சஸ்பென்ஷன் தண்டனை அல்ல

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் பெரும்பாலும் டிவியில்தான் ஆரம்பிக்கும். அன்றைக்கும் அப்படித்தான். பெரிய லீகில் ஆடுகிற ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் எங்கேயோ ஹோட்டலில் ஒருவரைக் கைநீட்டி அடித்துவிட்டார் என்று கொஞ்ச காலம் முன்பு ஒரே களேபரமாக இருந்தது. சில ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அன்று திரும்ப வந்து முதல் பந்தையே பவுண்டரிக்கு அனுப்பினார். ஸ்டேடியமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அதே மாதிரி ஒரு தப்புக்கு, ரிசர்வில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனுடைய ஒப்பந்தத்தையே ரத்து செய்திருந்தார்கள். அவன் பேர் என்ன என்று கேட்டேன். கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்த என் வீட்டுக்காரருக்கே ஞாபகமில்லை.

"மாமியார் ஒடைச்சா மண்குடம், மருமக ஒடைச்சா பொன்குடம்" என்றேன்.

"கிரவுண்டுல என்ன செய்தாம்னு பாக்கதுதான் லீக்கோட வேலை" என்றார் அவர். "வெளிய அடிச்சா போலீசு இருக்கு, கோர்ட்டு இருக்கு. இவனுவளுக்கு எதுக்கு அந்தப் பஞ்சாயத்து?"

எங்கள் இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. நான் ஒரு அமைச்சகத்தில் விஜிலன்ஸ் பிரிவில் இருக்கிறேன். ஊழியர்கள் செய்கிற தப்புகளை விசாரிப்பதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரனோடு கட்டிப் புரண்டவருக்குத் திங்கட்கிழமை மெமோ எழுதுகிறவள் நான். அரசு ஊழியர் இருபத்து நாலு மணி நேரமும் அரசு ஊழியர்தான் என்பது எங்கள் வேதவாக்கு. அது ஏன் அப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி சப்பாத்தி மாவு பிசையும்போது யோசித்தேன். சம்பளம் கொடுக்கிறவருக்கு என் ஞாயிற்றுக்கிழமையில் என்ன உரிமை? உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம், ஆளுக்கு ஒரு அளவுகோல் எப்படி வருகிறது? ஒரு கேள்வி பிடித்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது. அது பிறவிக் குணம்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

டெல்லித் தமிழர்களுக்கென்று ஒரு கிரிக்கெட் லீக் இருக்கிறது. லக்ஷ்மிபாய் நகர், மந்திர் மார்க், ஜனக்புரி என்று காலனிக்கு ஒரு அணி. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்கள். புகைமூட்டம் அதிகமானால் ஆட்டம் தள்ளிப் போகும். கிரிக்கெட் தெரிந்தவர்கள் ஆடுவார்கள், ஃபைல் தெரிந்தவர்கள் நடத்துவார்கள். தலைவர் முதல் பொருளாளர் வரை எல்லாரும் ஓய்வு பெற்ற அதிகாரிகள். அம்பயர் தந்த எல்.பி.டபிள்யூ மேல் ஒருமுறை எழுத்துமூலம் அப்பீல் வந்தது. அதற்கு முறைப்படி பதில் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் லக்ஷ்மிபாய் நகர் அணிக்கு ஓப்பனிங் இறங்குகிறவர். தலை முழுக்க நரைத்தும் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை.

ஜனக்புரி அணியில் ஒரு பந்துவீச்சாளர் இருந்தார். ஈரோட்டுக்காரர், ஒரு வங்கியில் கவுன்டர் வேலை. நாற்பதை நெருங்கியும் அவர் வேகத்துக்கு லீகில் ஆள் கிடையாது. ஆளும் இனிமையானவர். எதிர் அணிக்காரர் தண்ணீர் கேட்டாலும் ஓடிப்போய்க் கொண்டு வருவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் தன் அபார்ட்மென்ட் கேட்டில் காவலாளியை அறைந்துவிட்டார். கார் நிறுத்தும் இடத்துக்காக வந்த தகராறு. டெல்லியில் பாதிச் சண்டை அதற்குத்தான். இவர் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் வேறொருவருக்காகக் காவலாளி ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். எடு என்றார் இவர். செக்ரட்டரி சொல்லித்தான் போட்டேன் என்றார் அவர். பளார் என்று ஒன்று விழுந்தது. பால்கனியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த யாரோ வீடியோ எடுக்க, அது குடியிருப்போர் வாட்ஸ்அப்பில் சுற்றி, அன்று சாயங்காலமே எங்கள் லீக் வாட்ஸ்அப்புக்கும் வந்து சேர்ந்தது.

மறுநாள் லீக் தலைவர் எனக்கு போன் செய்தார். தஞ்சாவூர்க்காரர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். "விசாரணை நிலுவையில் சஸ்பெண்ட் பண்ணியாச்சும்மா. நீங்கதான் விசாரணை அதிகாரி" என்றார்.

"சார், எங்க வீட்டுக்காரர் எதிர் டீம்ல ஆடுறாரு."

"அதனாலதாம்மா உங்களப் போட்டேன். நீங்க அவரை விட்டாலும் ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

எனக்கு இன்னொன்று உறுத்தியது. போன வருஷம் மந்திர் மார்க் அணியில் ஒரு பையன், அலுவலகத்தில் கடைநிலை வேலை பார்ப்பவன், ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டுத் தகராறு செய்தான் என்று இரண்டு சீசன் தடை போட்டார்கள். விசாரணை கிடையாது, ஒன்றும் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். பெரிதாக ஆடத் தெரியாதவன், பவுண்டரியில் நிற்க வைக்கிற ஆள். "அவனுக்கு மட்டும் ஏன் சார் விசாரணை வைக்கலை?" என்று கேட்டேன்.

"அது வேற கேஸ்ம்மா" என்றார் தலைவர்.

முதல் விசாரணை எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் நடந்தது. நான் குற்றப் பத்திரத்தை வாசித்தேன். அவர் மறுக்கவில்லை. "அடிச்சது தப்புங்க மேடம்" என்று தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கூடவே துணைக்கு ஒருவரை அழைத்து வந்திருந்தார். வங்கி யூனியன்காரர், விதிமுறைகளை விரல் நுனியில் வைத்திருப்பவர். அவர் அசல் வீடியோவைக் கேட்டார், எடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார், பதில் எழுத அவகாசம் கேட்டார். விதிப்படி எல்லாமே சரி. நானும் வழக்கப்படி அவகாசம் கொடுத்தேன்.

கிளம்பும்போதுதான் பந்துவீச்சாளர் வாயைத் திறந்தார். "மார்ச்சுல எனக்கு கவுஹாத்திக்கு மாத்தலுங்க மேடம். முட்டியும் போயிருச்சு. டாக்டர் போதும்னுட்டாரு. எனக்கு இந்த ஒரு குளிர்காலந்தானுங்க மிச்சம்."

"சஸ்பென்ஷன் தண்டனை இல்லை. விசாரணை முடியற வரைக்கும் ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான்" என்றேன். அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருவரிடமாவது நான் சொல்கிற வாக்கியம் அது.

"ஆபீசுல சஸ்பெண்டு பண்ணுனா பாதிச் சம்பளம் குடுப்பாங்க. நீங்க எனக்குப் பாதி ஓவர் குடுப்பீங்களா?" என்றார் அவர்.

யூனியன்காரர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்டவர் சிரிக்கவில்லை. "பேங்குல நான் ஒரு கவுன்டருங்க மேடம். டோக்கன் நம்பரத்தான் பாப்பாங்க, மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நான் ஒரு ஆளு" என்றார். காபி டம்ளரைக் கொண்டுபோய் அவரே சிங்க்கில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு வாரம் வீடியோ எடுத்தவர் ஊரில் இல்லை. ஒரு வாரம் பனிமூட்டத்தில் யூனியன்காரர் வர முடியவில்லை. பொங்கல் வந்தது, குடியரசு தினத்துக்கு ரோடெல்லாம் அடைத்தார்கள். எங்களுக்கு அது தாமதமே இல்லை. அலுவலகத்தில் ஒரு விசாரணை மூன்று வருஷத்தில் முடிந்தால் கை குலுக்கிக்கொள்வோம். ஒரு சீசனே பத்துப் பன்னிரண்டு ஞாயிறுதான் என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர் என்று மரியாதையாக அவருக்கு முழு விசாரணை கொடுத்தோம். அந்த மரியாதையே அவருடைய குளிர்காலத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"நீ சாமர்த்தியக்காரிதான். தீர்ப்பே சொல்லாம ஆள முடிச்சுட்டியே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அணி எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துக்கொண்டு வந்தது. காலையில் பேட்டைத் துடைக்கும்போது பாட்டு வேறு.

"ஏங்க, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு ஆடாம இருந்தா அடி வாங்குனவருக்கு என்ன கிடைக்குது?"

அவர் பாட்டை நிறுத்தினார். "அதயெல்லாம் யாரு கேட்டா" என்றார்.

யாரும் கேட்கவில்லைதான். எங்கள் ஃபைல்களில் அடி வாங்கியவருக்கு 'சாட்சி' என்று பேர். சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினால் அவர் வேலை முடிந்தது. தண்டனை என்ன ஆயிற்று என்று அவருக்கு யாரும் தெரிவிப்பதில்லை. நானே எத்தனை பேருக்குத் தெரிவிக்காமல் விட்டிருக்கிறேன் என்பது அன்றுதான் மனசில் பட்டது. சனிக்கிழமை மெட்ரோ பிடித்து ஜனக்புரி போனேன்.

கேட்டில் வேறு ஒரு காவலாளி, வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விசாரித்தேன். அடி விழுந்த அன்றைக்கே அந்தப் பழைய ஆளை ஏஜென்சி மாற்றிவிட்டதாம். வீடியோ பரவி அபார்ட்மென்ட் மானம் போகிறது, இந்த ஆள் வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டது. இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில், பேஸ்மென்ட் பார்க்கிங்கில் டியூட்டி.

இறங்கிப் போனேன். ஒற்றை ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு, ஊர் பீகார் பக்கம். தலையைச் சுற்றி மஃப்ளர், காலுக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். நாங்கள் இந்தியில்தான் பேசினோம். நான் யார் என்று விளக்குவதே பெரும் பாடாகிவிட்டது. அடித்தவர் கிரிக்கெட் ஆடுவார் என்பதே அவருக்குத் தெரியாது. உங்களை அடித்ததற்காக அவரை ஆட விடாமல் உட்கார வைத்திருக்கிறோம் என்றேன்.

"ஏன்?" என்றார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "நான் அதைக் கேட்கவில்லையே மேடம்ஜி."

"வேறு என்ன கேட்பீர்கள்?"

எல்லாரும் பார்க்கத்தானே அடித்தார், அதே கேட்டில் எல்லாரும் பார்க்க, தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். அப்புறம் தன்னைத் திரும்ப அந்த கேட்டிலேயே போட வேண்டும். "அங்கே மத்தியானம் வரைக்கும் வெயில் வரும். எனக்கு மூட்டுவலி. இங்கே பாருங்கள்" என்று விரல்களைக் காட்டினார். மடக்க முடியாமல் வீங்கியிருந்தன. "அடி ஒரு நிமிஷம்தான். தூப் போனதுதான் கஷ்டம்" என்றார். தூப் என்றால் வெயில். டெல்லிக் குளிரில் அந்தச் சொல்லின் அருமை இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

நான் கிளம்பும்போது, "என்ன முடிவாகிறதென்று எனக்கு யாராவது சொல்வார்களா?" என்று கேட்டார். நானே வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த நாளே பந்துவீச்சாளரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். யூனியன்காரர் வேண்டாம், தனியாக வாருங்கள் என்றேன். பேஸ்மென்ட்டைப் பற்றிச் சொன்னேன். ஆள் மாறியது தெரியும், எங்கே போனார் என்பது அவருக்குத் தெரியாது. முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "கேட்டில் போய் நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். செக்ரட்டரியிடம் சொல்லி அவரை அங்கேயே திரும்பப் போடச் சொல்லுங்கள். இதையே தண்டனையாக எழுதி, மிச்ச ஆட்டமெல்லாம் ஆட விடச் சொல்லி நான் சிபாரிசு செய்கிறேன்" என்றேன். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எல்லாருக்கும் நல்லதாக ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

"அது மட்டும் ஆகாதுங்க மேடம்" என்றார் அவர். "அந்த கேட்டுலதான் எம்பொண்ணு ஸ்கூல் பஸ் ஏறுதுங்க."

"அடிச்சதை அவ பாத்தாளா?"

"வீடியோவுல பாத்துட்டாளுங்க."

"அப்ப மன்னிப்புக் கேக்கறதையும் பாக்கட்டுமே."

எழுந்துவிட்டார். "நீங்க வேணும்னா ரெண்டு வருசம் தடை போடுங்க. ஆயுசுக்கும் போடுங்க. நான் உக்காந்துக்கறேனுங்க."

அன்று காபியைத் தொடவே இல்லை. இந்த ஒரு குளிர்காலம்தான் மிச்சம் என்று என்னிடம் கெஞ்சிய மனுஷன், கேட்டில் போய் ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதிலாக அந்தக் குளிர்காலத்தையே தூக்கிக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஆட்டத்திலிருந்து நீக்குவதுதான் ஒரு ஆட்டக்காரருக்குப் பெரிய தண்டனை என்று நான் மட்டுமில்லை, ஊர் உலகமே நினைத்துக்கொண்டிருக்கிறது. லீகின் கையில் ஆட்டம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் அது ஆட்டத்தைப் பிடுங்குகிறது. அடித்தவருக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது போல.

இருந்தாலும் கேட்டில் மன்னிப்பு என்றே என் அறிக்கையை எழுதிக் கொடுத்தேன். தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"தண்டனைப் பட்டியல்ல இது இல்லையேம்மா. இல்லாத தண்டனையைக் குடுத்தா அப்பீல்ல நிக்காது."

"அப்ப என்ன செய்யப் போறீங்க சார்?"

"சீசன் பூரா வெளிய இருந்துட்டாரு, பாவம். சஸ்பென்ஷன் காலத்தையே தண்டனையாக் கருதி ஃபைலை முடிச்சிடலாம். ஃபைனல் மட்டும் ஆடட்டும்."

"சஸ்பென்ஷன் தண்டனை அல்லன்னுதானே சார் விதி?"

"அல்லதாம்மா. ஆனா கருதலாம்."

"அந்த மந்திர் மார்க் பையன்?"

"அது முடிஞ்ச ஃபைல்" என்றார்.

தீர்ப்பு வாட்ஸ்அப்பில் வந்ததும் கும்பிடும் கை எமோஜிகள் குவிந்தன. நியாயம், நல்ல நியாயம் என்று எல்லாரும் எழுதினார்கள். ஜனக்புரி அணி எப்படியோ தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. எதிரே லக்ஷ்மிபாய் நகர். அன்று என் வீட்டுக்காரர் பேட் துடைக்கும்போது பாட்டு இல்லை.

இறுதி ஆட்டம் ஜனக்புரி மைதானத்தில். பிப்ரவரி ஞாயிறு, பனி விலகி நல்ல வெயில். ஜமக்காளம் விரித்துப் பெண்களெல்லாம் எலுமிச்சம் சாதமும் வேர்க்கடலையுமாக உட்கார்ந்திருந்தோம். ஜனக்புரி முதலில் ஆடிச் சுமாரான ரன் எடுத்திருந்தது. பந்துவீச்சாளர் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் நொண்டினார். முதல் ஓவர் அவர்தான். எதிரே நிற்பது என் வீட்டுக்காரர். எனக்கு வீட்டுக்காரர் ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது, பந்துவீச்சாளர் தோற்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் வேறு வேறு ஆசைதான். இரண்டாவதற்குக் காரணம் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்திருந்தது.

நாலு பந்து சாதாரணமாகப் போயிற்று. ஐந்தாவது பந்துக்கு அவர் ஓடி வந்தபோது நொண்டல் இல்லை. பந்து வெளியே போகிற மாதிரி வந்து, தரையில் பட்டு, சட்டென்று உள்ளே திரும்பியது. என் வீட்டுக்காரர் பேட்டைத் தூக்கியபடி அப்படியே நின்றார். நடு ஸ்டம்ப் பின்னால் போய் விழுந்திருந்தது. அப்படி ஒரு பந்தை நான் டிவியில்கூடப் பார்த்ததில்லை. மைதானமே எழுந்து நின்றது. ஒரு கணம் கழித்துத்தான் கவனித்தேன், நானும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனக்புரி ஜெயித்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பந்துவீச்சாளர் நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் வெயிலும் வியர்வையும். "நீங்க கை தட்டுனதப் பாத்தனுங்க மேடம். உங்க வீட்டுக்காரரு அவுட்டு, நீங்க கை தட்டுறீங்க. எனக்கு அது போதுமுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. நல்லா ஆடினீங்க என்றேன். அது பொய்யில்லை.

என் வீட்டுக்காரர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏங்க, ஒரு வேலை இருக்கு, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மிஞ்சிய எலுமிச்சம் சாதத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போகத் துணிவில்லை.

பேஸ்மென்ட்டில் அதே ட்யூப்லைட். அவர் எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார். முடிவு தெரிந்துவிட்டது, சொல்ல வந்தேன் என்றேன். கேட்டில் மன்னிப்பு என்று எழுதியதையும், அதை ஏற்கவில்லை என்பதையும், அடித்தவரை இன்று ஆட விட்டுவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மேலே மைதானத்துச் சத்தம் இங்கேயும் கேட்டிருக்கும் போல.

"ஜீத் கயா?" என்றார். ஜெயித்துவிட்டாரா?

"ஜீத் கயா."

"அச்சா" என்றார். டப்பாவை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தார். வீங்கிய விரல்களால் அதைப் பிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

மேலே வந்து கொஞ்ச நேரம் வெயிலில் நில்லுங்கள், நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டியூட்டி நேரம் மேடம்ஜி, யாராவது வீடியோ எடுத்துவிட்டால் இதுவும் போய்விடும் என்றார்.